பொடியனோடு உடன்குடி வரை

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம்ம பொடியன் சொன்னான், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள், பெரியவன் வழக்கம்போல. சரி, குசலம் விசாரித்தாயிற்று.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போனில் சொன்னால் இரண்டாவது நிமிடத்தில் குறுக்கே புகுந்து வட்டிக்கணக்கு பேச ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். பேங்க்கில் குப்பை கொட்டியவனிடம் எதையும் எழுத்தில்தான் கொடுக்கணும். அதனால் கடைசி வரி வரை வாசித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

பொடியனும் நானும் காரில் உடன்குடிக்குப் போய்வந்தோம். அதுவும் கத்திரி வெயிலில். "கொஞ்சம் வெயில் தாழட்டும், ஆடி கழித்துப் போவோமே" என்றேன். "ஆடி கழித்துப் போனால் காலிக் கலயத்தைத்தான் பார்க்கணும், கருப்பட்டி வாங்கணும்னா வெயிலிலதான் போகணும்" என்று ஒரே போடாகப் போட்டான். அவன் சொன்னது சரிதான். மாசி பங்குனியில் சூடு பிடிக்கிற பதநீர் ஆனி ஆடியோடு ஓய்ந்துவிடும். நமக்கு மண்டை காய்கிற மாதங்கள்தான் பனைக்குச் சுரக்கிற மாதங்கள்.

அவனுக்கு அது வியாபாரப் பயணம். கீழமாசி வீதியில் இருக்கிற அவன் கடையில் இப்போது பலசரக்கைவிட வேகமாக ஓடுவது கருப்பட்டிதான். மதுரையிலிருந்து தெற்கே எந்த ரோட்டில் போனாலும் கருப்பட்டிக் காபி என்று போர்டு வைத்த கடை இருக்கிறதே, அதில் நாலைந்து கடைகளுக்கு இவன்தான் சரக்கு கொடுக்கிறான். போன வருஷம் ஒரு மொத்த வியாபாரி அனுப்பிய மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி சீனி. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான், இனி காய்ச்சுகிற இடத்திலேயே நின்று வாங்குவது என்று. எனக்கு அப்படி எந்த வேலையும் இல்லை. லீவு இருந்தது, ஊர் சுற்றணும், அவன் ஓட்டினால் தூங்கிவிடுவான் என்று அவன் வீட்டில் பயந்தார்கள், கிளம்பிவிட்டேன். மணியாச்சியில் நீ பண்ணியதை வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனோம். இன்னும் அவனுக்கு அது ஆறவில்லை.

கோவில்பட்டி தாண்டுவதற்கு முன்னாலேயே வண்டியைக் கழுகுமலைக்குத் திருப்பிவிட்டேன். "ஒரு மணி நேரம் போச்சு" என்று முனகிக்கொண்டே பாறைமேல் ஏறினான். வெட்டுவான் கோயிலை நேரில் பார்த்திருக்கிறாயா? மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, ஒரே பாறையில் எழுப்பிய பாண்டியர் காலத்துக் கோயில், எட்டாம் நூற்றாண்டு. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழ்ப்பகுதி மட்டும் முடியாமல் நிற்கிறது. பொடியன் ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். அப்புறம், "இத்தனை வருஷம் செதுக்கினவனுக்குச் சாப்பாடு யார் போட்டிருப்பா? அது நின்னதாலதான் வேலையும் நின்னிருக்கும்" என்றான். கடைக்காரன் புத்தி என்று அப்போது அவனைக் கேலி பண்ணினேன். ஊர் திரும்பும்போது அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தோம், தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கினோம், உப்பளத்து வெள்ளையில் கண் கூசியது. ஆத்தூரில் வெற்றிலை வாங்காமல் பொடியன் நகரமாட்டேன் என்றான். 2023ல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கடைக்காரரிடமே விளக்க ஆரம்பித்துவிட்டான், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதே வருஷம்தான் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் கிடைத்தது. திருச்செந்தூரில் கூட்டம். கடலில் காலை நனைத்துவிட்டு, முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெற்கே நகர்ந்தோம்.

அங்கிருந்து நிலமே மாறிவிடுகிறது. தேரிக்காட்டுப் பக்கம் மண் ரத்தச் சிவப்பு. இரும்புச்சத்து ஏறிய மணல், காற்று அள்ளிக் குவித்து மேடு மேடாக நிற்கிறது. அதற்குள் பனை. நம் ஊரில் வரப்புக்கு ஒன்றாக நிற்குமே, அப்படி இல்லை, கண்ணுக்கெட்டுகிற தூரமெல்லாம் பனைதான். காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். ஓலை உரசுகிற சத்தம் மழை மாதிரியே இருந்தது.

பொடியனுக்குத் தெரிந்தவர் ஒருவர் எங்களை ஒரு விடிலிக்குக் கூட்டிப்போனார். ஓலை வேய்ந்த குடிசை, உள்ளே அடுப்பு, வெளியே விறகும் காய்ந்த பாளையும். ஏறுகிறவர் அறுபதைத் தாண்டியவர். இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி, காலில் நார்வளையம். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் இருந்தார். பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தை மாற்றி, இறங்கி, அடுத்த மரம். காலையில் ஏறிய மரத்தில் சாயங்காலமும் ஏறிச் சீவணும், ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்து சுரப்பு நின்றுவிடுமாம். சீசன் முழுக்க அவருக்கு லீவு என்று ஒன்று கிடையாது, காய்ச்சல் வந்தாலும் சரி, வீட்டில் கல்யாணம் என்றாலும் சரி.

பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி நுங்கை நறுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுதி உன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன்.

காய்ச்சுவது அவர் வீட்டு அக்கா. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு இருக்கிறவரைதான் அது பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அதனால் இறக்கியதைக் கிடப்பில் போட முடியாது, உடனே அடுப்பில் ஏற்றணும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுகிறார்கள். அந்த வெயிலில், அந்தப் புகையில், மணிக்கணக்காகக் கிண்டிக்கொண்டே நிற்கிறார். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைக்கிறார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். எத்தனை மரம் ஏறி இறங்கினால் எட்டு லிட்டர் சேரும் என்று மரத்திலிருந்த பெரியவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன், கழுத்து வலித்தது.

இங்கேதான் மாப்ளே, நான் எழுத வந்த விஷயம்.

பொடியன் நேராகவே கேட்டான், "ஏன்க்கா எல்லாரும் சீனி போடுறாங்க?" அந்த அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "போடச் சொல்றது யாரு? நீங்கதானே" என்றார். "சீனி போடாத கருப்பட்டி மழை வந்தா வேர்க்கும், இளகிப் போகும். கடைக்காரவுக 'சரக்கு கெட்டுப்போச்சு'ன்னு திருப்பி அனுப்பிருவாக. சீனி போட்டது கல்லு மாதிரி நிக்கும், வெலையும் கம்மி, பாக்கவும் பளபளன்னு இருக்கும். எதை வாங்குவியன்னு நீங்களே சொல்லுங்க." ஒன்றை உடைத்தும் காட்டினார். உள்ளே மங்கலாக, கறுப்பாக இருந்தது. சீனி கலந்திருந்தால் உடைத்த இடம் மினுங்குமாம்.

பொடியன் வாயடைத்துப்போனான். அவனை அப்படிப் பார்ப்பது அபூர்வம் என்பது உனக்குத் தெரியும்.

அப்புறம் பெரியவர் சொல்லித்தான் முழுக்கதையும் புரிந்தது. மரங்களில் பாதி அவருடையது இல்லை, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தது. தை மாதம் பாட்டப் பணம் கட்டணும், அப்போது கையில் காசு இருக்காது, வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கியதால் சரக்கு முழுக்க அந்த வியாபாரிக்கே, வியாபாரி வைத்த விலைக்கே. சீசனில் எல்லா விடிலியிலும் கருப்பட்டி குவியும்போது விலை விழுந்து கிடக்கும். ஜனங்கள் தேடுவது எப்போது? ஐப்பசி கார்த்திகையில், சளியும் இருமலும் வரும்போது, அப்புறம் பொங்கலுக்கு. அதற்குள் விலை ஏறியிருக்கும், ஆனால் இவர் வீட்டில் அப்போது விற்க ஒரு சில்லுகூட இருக்காது. கோடையிலிருந்து மழைக்காலம் வரை பணத்தையும் சரக்கையும் பிடித்து வைத்திருக்க முடிந்தவனுக்குத்தான் லாபம். ஏறுகிறவருக்கும் காய்ச்சுகிறவருக்கும் அந்த நாலைந்து மாதத்தைத் தாண்ட வழியில்லை. விஷயம் இவ்வளவுதான். கருப்பட்டி அழிகிறது, பனையேறிகள் அருகிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த நாலைந்து மாதத்தில் இருக்கிறது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

2021ல் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு சொன்னது, நல்ல காரியம். மரம் நிற்கும். ஏற ஆள்? பெரியவரின் மகன் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். "வரச் சொல்லமாட்டேன், அவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மறுநாள் மணப்பாடு போனோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றின்மேல் 1581ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே அலை. பொடியன் அங்கேயும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தான். வழியில் குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அங்கேதான் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஊரில் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி கம்பெனி பனையிலிருந்து சீனி எடுக்கிற ஆலை நடத்தியது தெரியுமா? அதற்காகத் திருச்செந்தூர் பக்கமிருந்து திசையன்விளை வரை குட்டி ரயிலே ஓடியது. பொடியனிடம் சொன்னேன், அன்றைக்குப் பனையிலிருந்து சீனி எடுத்தார்கள், இன்றைக்குப் பனைச் சரக்கில் சீனியைக் கொட்டுகிறோம் என்று. "இந்த வசனமெல்லாம் வேண்டாம், பணத்துக்கு என்ன வழின்னு சொல்லு" என்றான்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். திரும்பி வரும்போது விருதுநகரில் பொரிச்ச பரோட்டா ஆறிப்போகிற வரைக்கும் பேசினோம். அவன் யோசனை இது. தை மாதமே பாட்டப் பணத்தை நாம் கொடுப்பது. விலையை அப்போதே கட்டிப்போடாமல், சீசன் விலைக்கு மேலே ஒரு தொகை வைத்து வாங்குவது. சரக்கை இங்கே கொண்டுவந்து மழைக்காலம் வரை பாதுகாத்து, விற்ற பிறகு வருகிற லாபத்தில் ஒரு பங்கு திரும்ப அந்த வீட்டுக்கே போகணும். நிபந்தனை ஒன்றுதான், சீனி கூடாது. காபிக் கடைக்காரர்களிடம் பொடியன் பேசிக்கொள்வான், வேர்த்தால் திருப்பி அனுப்பக்கூடாது என்று முதலிலேயே சொல்லித்தான் கொடுப்பான்.

பாதுகாப்பதற்கு அந்த அக்காவே வழி காட்டிவிட்டார். அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார், புகையும் சூடும் படுவதால் ஈரம் அண்டாது. உங்கள் ஆச்சி வீட்டிலும் அப்படி ஒரு பரண் இருந்ததே, நீயும் நானும் ஏறித் திருடி மாட்டிக்கொண்டது அங்கேதானே! பொடியன் கடை மாடியில் அடுப்பு போட முடியாது, ஈரம் புகாத அறை ஒன்று வேண்டும். அதற்கு என்ன ஆகும் என்று அவன் மச்சினனிடம் கேட்கிறான்.

இதில் ரிஸ்க் இருக்கிறது, எனக்குத் தெரியும். மழை முன்கூட்டிப் பிடித்தால் சுரப்பு குறையும். பெரியவருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், அப்போது கொடுத்த பணத்தைக் கேட்டு நிற்க என்னால் முடியாது, பொடியனாலும் முடியாது. அவன் வெளியே கறாராகப் பேசுவானே தவிர, அந்தக் கோழிக்கடை விவகாரத்தில் கடைசியில் யார் பணம் போட்டது என்று உனக்கே தெரியும். ஆகவே திரும்பாத பணம் கொஞ்சம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடணும். அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வராது.

முதல் வருஷம் இரண்டு மூன்று விடிலி போதும் என்கிறான் அவன். நான் என் பங்கைப் போடத் தயார், வீட்டிலும் பேசிவிட்டேன். உன் பணம் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் கோபமில்லை. ஆனால் உன் மூளை கட்டாயம் வேண்டும். முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் முடங்கும், எந்த விலைக்கு விற்றால் அந்த வீட்டுக்கும் நமக்கும் கட்டுப்படியாகும் என்று ஒரு தாளில் போட்டு அனுப்பு. விடிலியில் குறித்து வந்த விவரங்களைப் பொடியன் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான், அவன் கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் என்னைக் கேள்.

உனக்கென்று ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியும் அதோடு கொஞ்சம் சில்லுக்கருப்பட்டியும் எடுத்து வைத்திருக்கிறேன், சுக்கும் ஏலக்காயும் போட்டது, அம்மாவுக்குப் பிடிக்கும். அடுத்த வாரம் மச்சான் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்து விடுகிறேன். ஃபிரிட்ஜில் வைக்காதே. மழை வந்து வேர்த்தால் தூக்கிப் போடாதே, துணியால் துடைத்துவிட்டு வெயிலில் கொஞ்ச நேரம் வை, போதும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பொடியன் கடையை அடைத்துவிட்டு என் வீட்டுக்கு வருகிறான். ஒன்பது மணிக்குமேல் கூப்பிடு, மூன்று பேருமாகப் பேசுவோம்.

அன்புடன்,
உன் கட்டையன்