ஈட்ஸ் பாலமும் உன் சுத்தியலும்

அன்புள்ள முருகேசா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. மனசுக்குள் திட்டி முடித்திருப்பாய், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் நிற்கும் ஈட்ஸ் பாலத்தின் நடுக்குழாயில் மரை (திருகுப் புரி) எதற்கு என்று கேட்டிருந்தாய். "இழுத்துப் பிடித்து ஒரு அடி போட்டால் உட்காராதா?" என்று வேறு. உன் சுத்தியல் வைத்தியம் இன்னும் போகவில்லையா!

ஆற்றில் ஓயாத நீராவிப் படகுப் போக்குவரத்து. கீழிருந்து சாரம் கட்ட முடியாது. அதனால் தூண்களின் மேல் மரக் கோபுரம் நிறுத்தி, வடத்தால் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி, இரு பக்கத்திலிருந்தும் எஃகுக் குழாய்களாலான அரை வளைவுகளை அந்தரத்தில் நீட்டினார்கள். நடுவில் கடைசிக் குழாய் நுழைய வேண்டும். 1873 செப்டம்பர் வெயிலில் அது நுழையவில்லை.

கணக்குப் போட்டுப் பார். ஓர வளைவின் நீளம் 502 அடி, அதாவது 153 மீட்டர். எஃகு ஒரு டிகிரிக்கு லட்சத்தில் 1.2 பங்கு நீளும். இருபது டிகிரி ஏறினால் 37 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலம்! இடைவெளி அந்த அளவு சுருங்கிவிடும். குழாய்களைச் சுற்றி மரத்தொட்டி கட்டிப் பனிக்கட்டி அடைத்தும் பார்த்தார்கள். வெயிலோடு அது போட்டி போட முடியவில்லை.

உன் சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. பீப்பாய்ப் பலகை மாதிரி ஆறு எஃகுப் பட்டைகளை உறைக்குள் சேர்த்துச் செய்த 18 அங்குலக் குழாய் அது. அடித்து நுழைத்தால் வளைவில் தேவையில்லாத அழுத்தம் நிரந்தரமாகத் தங்கிவிடும். பாலத்தை வடிவமைத்த பொறியாளர் ஈட்ஸ் முன்னமே மாற்றுவழி வைத்திருந்தார். குழாயை இரண்டாக வெட்டி உள்ளே மரை போட்டு, வலமரையும் இடமரையும் உள்ள தேனிரும்புத் துண்டை நடுவில் வைப்பது. சுருக்கி உள்ளே நுழைத்துத் திருகினால் இரண்டு பக்கமும் நீண்டு இடத்தை நிறைக்கும். அப்படித்தான் முதல் வளைவு மூடியது. அப்போது அவர் லண்டனில் இருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

1874இல் திறப்பதற்கு முன் ஒரு யானையை நடத்திப் பார்த்தார்கள், பிறகு 14 ரயில் எஞ்சின்களை ஏற்றினார்கள். உனக்கு யானைதான் நினைவில் நிற்கும், தெரியும்.

ஆனால் தூண்களுக்கு அடித்தளம் போட ஆற்றின் அடியில் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அழுத்தக் காற்று நிரப்பிய கெய்சன் பெட்டிக்குள் ஆற்றுப்படுகையைத் தோண்டியவர்களில் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். வேகமாக வெளியே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும் என்பது அப்போது தெரியாது. அங்கிருந்த மருத்துவர் ஜாமினே 95 அடி ஆழத்துக்குப் போய், மூன்றரை நிமிடத்தில் காற்றழுத்தத்தை இறக்கி வெளியே வந்து, தானே முடங்கிப்போனார். பிறகு வேலை நேரத்தை இன்னும் குறைத்தார்கள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். மரைக்கு எதிராக ஏதாவது வாதம் இருந்தால், கணக்கோடு எழுது.

உன்,
சேகர்