வாடிய சோளத்தில் மாட்டை விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

சோளம் வறட்சி தாங்கும் என்று எழுதுகிறவர்கள், அதே வறட்சியில் அதன் தழை நஞ்சாகும் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. தானியம் போனாலும் தட்டையாவது மிஞ்சும் என்றுதான் பலர் சோளம் விதைக்கிறார்கள்.

ஈரம் குறைந்தால் சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு வளராமல் நிற்கும். மழை கண்டதும் மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரில் ‘தூரின்’ (dhurrin) என்ற வேதிப்பொருள் மிகுந்திருக்கும். மாடு மென்று இலை நசுங்கியதும் அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். வயிற்று நுண்ணுயிர்கள் அதை விரைவுபடுத்துவதால், அசைபோடும் மாடு, ஆடுகளுக்கே கேடு அதிகம். முற்றிய தானியத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

காய்ந்து கிடந்த வயல் மழைக்குப் பின் பச்சை பிடிக்கும் நாட்கள்தான் மிக மோசம். அறுத்த கட்டையிலிருந்து கிளம்பும் மறுதாம்புத் துளிரும் அப்படியே. குருத்து ஈ தாக்கி நடுக்குருத்து காய்ந்த செடி பக்கத் தூர் விடும். இனி கதிருக்கு ஆகாது என்று அங்கே ஆட்டை ஓட்டிவிடுவார்கள். கொழுந்தாக இருப்பதால் ஆடும் அதைத்தான் தேடிக் கடிக்கும். யூரியா மேலுரம் இட்டபின் மழை தவறினால் நஞ்சு இன்னும் கூடும்.

பாதிப் பயிர் பூத்தபின் அறுப்பதே பாதுகாப்பு. மறுதாம்பு இரண்டடி வளரும்வரை மாடு நுழையக்கூடாது. அதன்பிறகும் பசித்த மாட்டை நேராக அவிழ்த்துவிடாமல் முதலில் வைக்கோல் போட வேண்டும். நன்றாக உலர்த்தினால் சயனைடு ஆவியாகிக் குறையும். ஊறுகாய்ப் புல்லாக்கினால் (சைலேஜ்) 3, 4 வாரம் மூடிவைத்தபின் கொடுக்கலாம்.

ஆனால் உலர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வது தவறு. வறட்சியில் அடித்தண்டில் நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சும் சேரும். அது வெயிலில் போகாது. தரையிலிருந்து ஓரடி விட்டு அறுத்தால் பெரும்பகுதி வயலிலேயே தங்கிவிடும்.

இரண்டு நஞ்சிலும் மாடு மூச்சு வாங்கித் தள்ளாடும். சயனைடானால் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும், நைட்ரேட்டானால் பழுப்பேறியிருக்கும். முன்னதற்கு மருந்தாகும் சோடியம் நைட்ரைட்டைப் பின்னதற்குச் செலுத்தினால் நிலைமை முற்றும். எனவே கைவைத்தியம் வேண்டாம். மற்ற மாடுகளை உடனே வயலைவிட்டு ஓட்டிவிட்டு, மேய்ந்த பயிரின் பருவம், கடைசியாக உரமிட்ட நாள் இரண்டையும் சொல்லிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சயனைடில் உயிர் போக நிமிடங்கள் போதும்.

– வேளாண் விரிவாக்கப் பணியாளர்