போன கரண்ட் அப்படியே திரும்பி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். 36 வருடம் வயரிங் வேலை பார்த்தவன். முட்டி வலி வந்த பிறகு ஏணி ஏறுவதை விட்டுவிட்டேன். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தைப் பேத்திக்காக வாராவாரம் வெட்டி எடுத்து வைப்பது என் வழக்கம். அந்தப் பக்கத்தை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி அறிவியல் பயிற்சி நூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிவம் இரண்டில் படிக்கிறாள். படத்தில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு. பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர். முதல் மீட்டர் 0.2 அம்பியர் காட்டினால் இரண்டாவது எவ்வளவு காட்டும் என்பது கேள்வி. அவள் 0.1 என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா குறைஞ்சிடுச்சு?" என்று கேட்டேன்.

"பல்பு கொஞ்சம் எடுத்துக்குமே தாத்தா. இல்லன்னா அது எப்படி எரியும்?"

வோல்ட்டை ஓமால் வகுத்தால் அம்பியர் வரும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளை அவள். கணக்கில் தப்பே வராது. ஆனால் கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று அவள் மனதில் இருக்கும் படம் வேறு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவள் வயதில் நானும் அதையே நம்பினேன்.

நான் பிறந்தது ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். (இந்த நாட்டில் முதன்முதலில் மின்சாரம் வந்த இடம் ரவாங்தான். 1894ல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஜெனரேட்டர் வைத்தார்கள். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?) நான் சொல்வது அறுபதுகளின் கதை. எங்கள் லயத்துக்குத் தோட்டத்து ஜெனரேட்டரில் இருந்து சாயங்காலம் விளக்கு வரும், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. முதல் வீட்டில் பல்பு பளிச்சென்று எரியும். எங்கள் வீட்டில் பழுத்த எலுமிச்சை நிறத்தில் மினுங்கும். "முன்னால இருக்கறவங்க எல்லாம் கரண்டை எடுத்துக்கறாங்க, மிச்சம்தான் நமக்கு வருது" என்று அம்மா சொல்வார். அந்த மங்கல் வெளிச்சத்தில் படித்தவன் நான், அதனால் அதை உண்மை என்றே நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிக் காட்டினார். பின் சக்கரம் உடனே சுழன்றது. "செயினைப் பாரு தம்பி. சக்கரம் செயினைத் தின்னுச்சா? மேல போற கண்ணி எத்தனையோ, கீழே திரும்பி வர்றதும் அத்தனைதான்." நீ கொடுக்கும் மிதிதான் வோல்ட், செயின் ஓடும் வேகம்தான் அம்பியர் என்றார். பிறகு பிரேக்கைப் பிடித்தார். அதே மிதிக்குச் செயின் மெதுவாக ஓடியது. அதுதான் ஓம். பள்ளியில் வராத தெளிவு அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு வந்தது.

இன்னொன்றையும் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். நம் வீட்டுச் சுவரில் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 அம்பியர் ஓடினாலும், அதிலுள்ள எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் விநாடிக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நத்தையே முந்திவிடும். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவதற்குக் காரணம், செயின் மாதிரி கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதுதான். ஒரு முனையில் தள்ளினால் எல்லாமே ஒன்றாக அசைகின்றன.

எங்கள் கடைசி வீட்டின் மங்கலுக்குக் காரணம் கம்பி. எல்லா வீட்டுக்கும் போக வேண்டிய மின்னோட்டம் முதல் துண்டுக் கம்பி வழியாகத்தான் போகும். நீளமான மெல்லிய கம்பிக்கும் தடை உண்டு. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வோல்ட் கழிந்துகொண்டே வரும். எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது அழுத்தம் இளைத்துப் போயிருக்கும். அழுத்தம் குறைந்தால் எங்கள் பல்பில் ஓட்டமும் குறையும். அந்தச் சுற்றில் யாரும் அம்பியரைத் தின்னவில்லை.

தமிழில் இந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓட்டம், அழுத்தம், தடை. மூன்று சொல்லும் அன்றாடம் வாயில் வருபவை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஆருஸ், வோல்தான், ரிந்தாங்ஙான் என்று மாறுகின்றன. ஆருஸ் என்ற மலாய்ச் சொல்லும் ஆற்று நீரோட்டத்தைக் குறிப்பதுதான். அர்த்தத்தோடு சேர்த்துச் சொன்னால் எந்த மொழியிலும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அழுத்தம் என்று சொல்லும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்க்க வேண்டும்: அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம். உறையில்லாத மின்கம்பியில் மைனா பத்திரமாக உட்கார்ந்திருப்பது அதனால்தான். அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன, கால்களுக்கு இடையே வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். என்னிடம் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் வயர் இருக்கிறது. வெளி உறையை மட்டும் நீக்கி, உள்ளே இருக்கும் மூன்று வயரையும் அவற்றின் தோலோடு தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பேன். அதில் 2,000 வாட் கெட்டிலைச் சொருகி, கரண்ட் போகும் லைவ் வயரைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். வயரை வெட்டாமல், ஒரு வளையத்தை அதைச் சுற்றி மாட்டியே கரண்டை அளக்கும் கருவி அது. 8.6 அம்பியர். கரண்ட் திரும்பி வரும் நியூட்ரல் வயரில் மாட்டினேன். அதே 8.6. பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வளையத்துக்குள் விட்டேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"மீட்டர் கெட்டுப்போச்சா தாத்தா?"

கெடவில்லை. போவது எவ்வளவோ அவ்வளவே எதிர்த்திசையில் வருவதால் ஒன்றை ஒன்று கழித்துவிடுகிறது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் ஓட்டத்தில் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. கெட்டில் எடுத்துக்கொண்டது ஆற்றலை. மாதாமாதம் நாம் பணம் கட்டும் யூனிட் அதுதான்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் பரீட்சை மதிப்பெண் இல்லை. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இந்த ஒரே உண்மையை நம்பித்தான் வேலை செய்கிறது. அதற்குள்ளும் ஒரு வளையம் உண்டு. லைவும் நியூட்ரலும் சேர்ந்து அதன் வழியாகப் போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். வந்ததில் குறைந்தால், அந்தக் குறை வேறு எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச்சுவர் வழியாக இருக்கலாம், ஒரு மனிதரின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். வீட்டுப் பிளக்குகளுக்கு 30 மில்லியம்பியர், குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லியம்பியர் குறைந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். அதைத்தான் 'விழுது' என்போம். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். குளிக்கும்போது உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 2008 முதல் நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 230ஐ 1,000ஆல் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லியம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளம். பேத்தி வகுப்பில் போடும் அதே வகுத்தல்தான் இதுவும்.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "அண்ணே, இந்தப் பெட்டி சும்மா சும்மா விழுது. அதைக் கழட்டிட்டு நேரா கொடுத்துடுங்க" என்றார் அந்த அம்மா. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் முடியாது என்றேன். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்ததில், வெளிவாசல் விளக்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது தெரிந்தது. விளக்கை மாற்றினேன், பெட்டி விழுவது நின்றது. இன்னொரு வீட்டில் எனக்கு முன்னால் யாரோ வந்து ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயர் இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் அதைத் தனக்குச் செய்த உதவி என்றே நினைத்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆர்.சி.சி.பி.யால் பிடிக்க முடியாத ஆபத்தும் ஒன்று உண்டு. அது லூசான இணைப்பு. கெட்டிலின் 8.6 அம்பியர், தளர்ந்துபோன ஒரு பிளக் முனை வழியாக ஓடுகிறது என்று வையுங்கள். அந்த முனையில் அரை ஓம் தடை இருந்தால் அங்கே கழிவது 4.3 வோல்ட்தான். கெட்டிலுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 4.3ஐ 8.6ஆல் பெருக்கினால் 37 வாட். என் ஈயம் பற்றவைக்கும் அயர்ன் 40 வாட். அவ்வளவு சூடு பிளக்குக்குள் விரல்நுனி அளவு இடத்தில் சேர்கிறது. போனதும் வந்ததும் சமம், அதனால் ஆர்.சி.சி.பி. விழாது. ஓட்டம் கூடவில்லை, அதனால் ஃபியூசும் போகாது. கையும் மூக்கும்தான் இதைக் கண்டுபிடிக்கும். பிளக் தொட்டால் சுடுகிறதா, பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். மாணவர் பக்கத்தில் கேள்வி பதிலோடு, வீட்டில் செய்து பார்க்கும் சோதனை ஒன்றையும் போடுங்கள். முதல் வாரத்துக்கு நானே ஒன்று தருகிறேன். 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒரே மாதிரியான சின்ன டார்ச் பல்பு இரண்டு, கொஞ்சம் வயர் போதும். எல்.இ.டி. வேண்டாம், உள்ளே இழை தெரியும் பழைய ரக பல்புதான் வேண்டும். இரண்டு பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். பல்பு கரண்டைத் தின்பது உண்மையானால் முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரிய வேண்டும். இரண்டும் ஒரே அளவு மங்கலாகத்தான் எரியும். இடம் மாற்றி மாட்டினாலும் அதேதான். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனி வழியாகப் பேட்டரியோடு இணைக்கட்டும். இப்போது இரண்டும் பிரகாசமாக எரியும், பேட்டரி சீக்கிரம் தீரும். நம் வீட்டு விளக்குகள் இணைக்கப்பட்டிருப்பது இந்த இரண்டாவது முறையில்தான். ஆனால் பிள்ளைகள் செய்வது பேட்டரியோடு நிற்க வேண்டும்; சுவர்ப் பிளக்கில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெரிய பிள்ளைகள் மீட்டர் வைத்து ஓம் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு. எரிந்து சூடேறினால் பத்து மடங்கு வரை கூடிவிடும். வகுத்தல் கணக்கு பொய்யாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சூடு மாறினால் தடையும் மாறும் என்று ஆசிரியர் ஒரு வரி சொன்னால் போதும்.

அந்த ஓம் யார் என்றும் ஒரு வாரம் எழுதுங்கள். கியார்க் சைமன் ஓம் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். 1789ல் பிறந்தவர். அப்பாவே அவருக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் இந்தச் சோதனைகளைச் செய்தார். அந்தக் காலத்துப் பேட்டரியின் அழுத்தம் நிலையாக நிற்காது. அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். பிறகு வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றி அளந்தார். 1827ல் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது அவர் நாட்டிலேயே பலர் மதிக்கவில்லை, வேலையையும் விட்டார். 1841ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது. தோட்டத்துப் பிள்ளையாக இருந்த எனக்கு இந்தக் கதையை அப்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் சின்னதாக ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். அழுத்தியதும் அது தானாகவே கொஞ்சம் கசிவை உண்டாக்கிப் பார்க்கும், உடனே சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது பேத்தியின் வேலை. முதல் நாள் அழுத்தியபோது வீடு முழுக்க இருண்டது. "இப்ப போனதும் வந்ததும் சமமா இல்ல, அதானே தாத்தா?" என்று அந்த இருட்டில் இருந்து குரல் வந்தது.

செந்தூல் வட்டாரத்தில் எந்தத் தமிழ்ப்பள்ளியாவது விரும்பினால், அந்தப் பிரித்த வயரையும் கிளாம்ப் மீட்டரையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் வருகிறேன். மின் இணைப்பை நானே கையாள்வேன், பிள்ளைகள் மீட்டரைப் படித்தால் போதும். கூலி எதுவும் வேண்டாம். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
செந்தூல், கோலாலம்பூர்.