விலையா, பேரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'உலகின் தலைசிறந்த பத்து வாட்சுகள்' என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். வாட்ச் ரிப்பேர்தான் என் பிழைப்பு, அதனால் இதழ் கைக்கு வந்ததும் அங்கேதான் போனேன். படங்கள் பிரமாதம். ஆனால் தலைப்பில் 'தலைசிறந்த' என்று போட்டுவிட்டு, உள்ளே விலையை வைத்து வரிசை கட்டிவிட்டீர்கள். அதிலும் கடையில் சொல்லும் விலை, ஏலத்தில் போன விலை இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்திருக்கிறீர்கள்.

முதலிடத்தில் கிராஃப் நிறுவனத்தின் 'ஹாலுசினேஷன்'. 2014-ல் அவர்கள் சொன்ன விலை 5½ கோடி டாலர். அதில் பதித்திருப்பது 110 கேரட் வண்ண வைரங்கள். என்னைக் கேட்டால் அது மணி காட்டும் வைர வளையல். அதை எடைபோட வேண்டியவர் நகை ஆசாரி, நான் இல்லை.

அடுத்தது பட்டேக் ஃபிலிப் கிராண்ட்மாஸ்டர் சைம். 2019 நவம்பரில் ஜெனீவாவில் 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது உண்மைதான். ஆனால் அது 'ஒன்லி வாட்ச்' ஏலம்; டுஷென் என்ற தசைச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நடத்துவது. கொடுத்த தொகையில் நன்கொடையும் கலந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை, அது ஸ்டீல் வாட்ச். அதே மாடலை வெள்ளைத் தங்கத்தில் கம்பெனியே விற்றுக்கொண்டிருந்தது, அப்போது இதில் பத்தில் ஒரு பங்கு விலைகூட இல்லை. ஸ்டீலில் செய்தது ஒன்றே ஒன்று. 'இது ஒன்றுதான்' என்று டயலிலேயே எழுதியும் வைத்தார்கள்.

அமெரிக்க நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேட்டோனாவும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. 2017-ல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த மாதிரி டயல் வந்த புதிதில் கேட்பார் இல்லாமல் கடைகளில் கிடந்தது. உள்ளே ஓடும் மெஷினும் வால்ஜூ கம்பெனியிடம் வாங்கி ரோலக்ஸ் திருத்தியதுதான். கார் பந்தயத்துக்குப் போகும் கணவருக்கு, 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்ற பொருளில் பின்மூடியில் பொறித்து நியூமனின் மனைவி ஜோஆன் வுட்வர்ட் கொடுத்தாரே, ஏலத்தில் கை தூக்கியவர்கள் அதற்குத்தான் தூக்கினார்கள். அந்த விலையை டேட்டோனா மாடலின் கணக்கில் எழுதலாமா?

சரி, விலை வேண்டாம், பேரை வைத்து வரிசைப்படுத்தலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு. யாரிடம் எடுத்த பேர்? ரோலக்ஸ் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பந்தி பரிமாறுகிறவர்வரை திரும்பிப் பார்ப்பார். ஏ. லாங்கே அண்ட் சோனே கட்டிக்கொண்டு போனால் ஒருவரும் சீண்டமாட்டார்கள். ஜெர்மனியில் கிளாஸ்ஹுட்டே என்ற சிறிய ஊரில் 1845-ல் தொடங்கிய கம்பெனி. 1948-ல் அரசுடைமையாகிப் பேரே அழிந்துபோய், 1990-ல் மறுபடி பிறந்தது. ஒவ்வொரு வாட்சையும் ஒருமுறை முழுதாகப் பூட்டி, ஓடவிட்டுச் சரிபார்த்து, மறுபடி கழற்றித் துடைத்து இரண்டாம் முறை பூட்டுவார்கள். கழற்றிப் பூட்டும் வேலையில் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்களைப் போன்றவர்கள் போடும் வரிசையும் மண்டபத்தில் போடும் வரிசையும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

ஒரு காலத்தில் இந்தச் சண்டையே இல்லை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவிலும் நியூஷாட்டெலிலும் வானியல் ஆய்வுக்கூடங்கள் இருந்தன, அதாவது நட்சத்திரம் பார்க்கும் இடங்கள். கம்பெனிகள் தங்கள் மெஷின்களை அங்கே அனுப்பும். சூட்டிலும் குளிரிலும், நிமிர்த்தியும் கவிழ்த்தும் வாரக்கணக்கில் வைத்து, நேரம் தவறுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1968-ல் ஜெனீவாவில், சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களில் முன்வரிசையைப் பிடித்தது ஜப்பானின் செய்கோ. அடுத்த ஆண்டே, 1969 டிசம்பர் 25 அன்று, அதே செய்கோ பேட்டரியில் ஓடும் 'அஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் எந்த பேட்டரி வாட்சும் லட்ச ரூபாய் சுவிஸ் வாட்சைவிடச் சரியாக மணி காட்ட ஆரம்பித்தது. சரியான நேரத்தை வைத்துப் போட்டியிட வழியில்லாமல் போனபிறகுதான் விலையும் பேரும் மேலே ஏறி உட்கார்ந்தன.

இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு பேருக்குத்தான். ஒரு நிபந்தனை: அந்தப் பேர் எப்படி வந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுத முடியாவிட்டால் அது பட்டியலில் வேண்டாம். விலைப் பட்டியல் கட்டாயம் போட வேண்டும் என்றால் கடை விலைக்கு ஒன்று, ஏலத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் பத்தில் இல்லாத ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் உள்ளே வந்துவிடும். விண்வெளி வீரர்களுக்காக நாசா மூன்று கம்பெனி வாட்சுகளைச் சோதித்தது. சூட்டில் ஒன்றின் முள் வளைந்தது, இன்னொன்றின் கண்ணாடி நெளிந்தது. தாங்கி நின்ற ஸ்பீட்மாஸ்டரை 1965 மார்ச்சில் தேர்வு செய்தார்கள். 1969-ல் விண்கலத்தின் கடிகாரம் பழுதானதால் ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். நிலாவில் முதலில் கட்டியிருந்தது அவருக்குப் பின்னால் இறங்கிய ஆல்ட்ரின்தான். அந்த வாட்ச் பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வழியில் காணாமல் போய்விட்டது. எந்த ஏலத்துக்கும் வராததால் அதற்கு விலையும் கிடையாது. அதை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள்?

இப்படிக்கு,
வாட்ச் பழுது பார்க்கும் வாசகர்,
திண்டுக்கல்.