பேரிங் சாகுறதுக்கு முன்னாடியே சொல்லிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கோவை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இன்னமும் நிறைய இடத்துல ஸ்க்ரூடிரைவர காதுல வச்சு கேக்குறது, மோட்டார தொட்டுப் பாத்து சூடு இருக்கான்னு சொல்றது, இவ்வளவுதான் பேரிங் செக்கிங். சூடு தெரியுறப்போ பேரிங் ஏற்கனவே முடிஞ்சுபோயிருக்கும் சார்.

எங்க மில்லுல ஒரு சின்ன மோட்டாரு, 6205 நம்பர் பேரிங், 1440 ஆர்பிஎம். கைல இருக்குற அதிர்வு மீட்டர்ல மொத்த அதிர்வு 1.6 மிமீ/செகண்டு காட்டுச்சு, நல்லாத்தான் இருக்கு ஓட்டுங்கன்னுட்டாங்க, ஆனா ஆரம்பத்துல வர்ற பேரிங் கோளாறு அந்த மொத்த ரீடிங்ல தெரியவே தெரியாது. வெளி ரேஸ்ல, அதாவது பால் உருளுற வெளி வளையத்துல, சின்னதா செதில் விட்டா ஒவ்வொரு பால் அதுமேல ஏறி எறங்கறப்பவும் ஒரு தட்டு விழும், இந்த பேரிங்குக்கு ஷாஃப்ட் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 3.58 தட்டு, செகண்டுக்கு 24 சுத்துன்னா 86 தட்டு, அதாவது 86 ஹெர்ட்ஸ். உள் ரேஸ்னா 130. அந்த தட்டுல எழும்புற ஹை ஃபிரீக்வென்சி அதிர்வ தனியா பிரிச்சு என்வலப், அதாவது அந்த அதிர்வு ஏறி எறங்குற மேல் கோட்ட மட்டும், எடுத்தாத்தான் 86 பளிச்சுனு நிக்கும். நின்னுச்சு. கழட்டிப் பாத்தா ரேஸ்ல அரிசி நொய் அளவுக்கு ஒரு குழி.

ஷிஃப்டு நடுவுல ஜாம் ஆகியிருந்தா மோட்டார் காயிலும் சேந்து போயிருக்கும். ஐடிஐ பசங்களுக்கு பேரிங் மாட்டக் கத்துக்குடுக்கறப்பவே இந்த கணக்கையும் சொல்லிக்குடுங்க, ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு அதிர்வு அனலைசராவது வாங்கிப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு மில் ஃபிட்டர், கோவை