எது படுக்கை? கூட்டுக்குழுச் செயலருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு மருத்துவமனைகளின் கூட்டுக்குழுவுக்கு நீதான் செயலர் என்று படித்ததும், வாழ்த்துவதா அனுதாபப்படுவதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். முதல் கூட்டத்துக்கே வட்டாரச் சுகாதாரக் கொள்கை என்று நாற்பது பக்க வரைவு தயார் செய்திருக்கிறாயாமே. அதை எடுத்து ஓரமாக வை. முதல் கூட்டத்துக்கு ஒரே கேள்வி போதும்: படுக்கை என்றால் என்ன?

சிரிக்காதே. ஒரு மருத்துவமனை, அரசாணையில் அனுமதித்த எண்ணைச் சொல்லும். இன்னொன்று வார்டில் கிடக்கும் கட்டில்களை எண்ணும். மூன்றாவது, செவிலியர் பணியில் இருக்கும் படுக்கையை மட்டும் கணக்கில் கொள்ளும். வென்டிலேட்டர் இருக்கிறது, ஆக்சிஜன் இணைப்பும் இருக்கிறது, இரவு டூட்டிக்கு ஆள் இல்லை என்றால் அது படுக்கை அல்ல, வெறும் சாமான். எந்த நேரத்தில் எண்ணுவது என்பதும் தகராறுதான். நள்ளிரவுக் கணக்கை மட்டும் எடுத்தால், காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்புகிறவர்கள் அதில் வரவே மாட்டார்கள், பகல் நெரிசல் காணாமல் போய்விடும். காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, நள்ளிரவு ஒன்று என மூன்று வேளை எண்ணச் சொல்.

இது தீர்ந்த பிறகுதான் 85 சதவீதம் என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும். எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்த எண் 1999-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கிலிருந்து வந்தது. படுக்கைகள் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் இடமில்லாமல் திண்டாடும் அபாயம் தெரியத் தொடங்கும், 90-ஐத் தாண்டினால் அந்தத் திண்டாட்டம் அடிக்கடி வரும் என்றது அது. ஆனால் அது பெரிய மருத்துவமனையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. ஆறு படுக்கை ஐசியுவில் ஐந்து நிரம்பினால் 83 சதவீதம்தான், தாளில் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். அடுத்தடுத்து இருவர் வந்தால் கதை முடிந்தது. சிறிய பிரிவுகளுக்கு சதவீதம் வேண்டாம், காலியாக இருப்பது எத்தனை என்று எண்ணிக்கையாகவே கேள்.

உறுப்பினர் பட்டியலைப் பார்த்தேன். ஆறு கண்காணிப்பாளர்கள், ஆறு துணைக் கண்காணிப்பாளர்கள். செவிலியர் கண்காணிப்பாளர் எங்கே? மருந்தாளுநர், நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்காரர், ஆம்புலன்ஸ் பொறுப்பாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், நோயாளிகள் தரப்பில் ஒருவர்? ஆம்புலன்ஸ்காரரைக் கேட்காமல் போடுகிற நோயாளி இடமாற்ற விதி, வண்டி கிடைக்காத முதல் இரவிலேயே செத்துவிடும். எந்தத் தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும், எது வெறும் பரிந்துரை என்பதையும் எழுத்தில் வாங்கிவிடு. அது இல்லாவிட்டால், கையெழுத்துப் போட்டவர் ஊருக்குத் திரும்பி, "மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்.

இனி மேல் சிகிச்சைக்கு அனுப்பும் விதி. குழுவின் உழைப்பில் பாதி இதற்கே போகும், போகவும் வேண்டும். அனுப்புகிறவருக்கு ஒரே தொலைபேசி எண், ஒரே அழைப்பு. மறுமுனையில் ஏற்கும் அதிகாரம் உள்ள மருத்துவர் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றதாகவே பொருள் என்று எழுதிவிடு. மறுத்தால் நேரம், காரணம், மறுத்தவரின் பதவி மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். "மறுப்பு" என்பதற்கும் பொருள் சொல்லிவிடு. "இடமில்லை, வேறு எங்காவது பாருங்கள்" என்பதை யாரும் மறுப்பாக எழுத மாட்டார்கள், மறுப்பில் பெரும்பகுதி அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கூடவே போகும் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் அதில் மருந்தின் அளவும் கொடுத்த நேரமும் கட்டாயம். கர்ப்பகால வலிப்பை எடுத்துக்கொள். வழக்கமான முறைப்படி மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் ரத்தக் குழாயிலும், இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் 10 கிராம் தசையிலும் போட்டு அனுப்புகிறார்கள். தாளில் "மெக்னீசியம் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், பெறுகிறவர் முழு அளவையும் மீண்டும் போடலாம், அல்லது பயந்து அடுத்த வேளை மருந்தை விட்டுவிடலாம். முதலாவதில் மூச்சு அடங்கும், இரண்டாவதில் வலிப்பு திரும்பும். அடுத்த அளவு போடும் முன் பார்க்க வேண்டியவற்றுக்கும் அதே தாளில் கட்டம் போடு: மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக்கூடாது, முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும்.

பக்கவாதத்திலும் தகராறு சொல்லில்தான். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான வரம்பு 4½ மணி நேரம். எப்போதிலிருந்து? "எப்போது வந்தது" என்று கேட்டால், உறவினர் தாங்கள் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள். காலை 6 மணிக்கு எழுப்பப் போய்ப் பார்த்தவர் 6 என்பார், நோயாளியோ இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர். கேட்க வேண்டியது "கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்" என்று. ஆறு மருத்துவமனைப் படிவங்களிலும் இதே கேள்வி இதே சொற்களில் இருக்கட்டும்.

பக்கவாதச் சிகிச்சையை ஒரே இடத்தில் குவிக்கலாமா என்று கேட்டிருந்தாய். 2010-இல் லண்டனும் மான்செஸ்டரும் ஒரே சமயத்தில் இதைச் செய்தன. லண்டனில் எட்டு சிறப்பு மையங்கள், பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் அங்கேதான். மான்செஸ்டரிலோ அறிகுறி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் மட்டும் சிறப்பு மையத்துக்கு. 2014-இல் வெளியான ஒப்பீட்டில் இரு நகரங்களிலும் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்திருந்தன, ஆனால் நாட்டின் மற்ற பகுதிகளை மிஞ்சி இறப்பு குறைந்தது லண்டனில் மட்டும். என் கணிப்பில், விதியில் நிபந்தனை கூடக்கூட ஆம்புலன்ஸில் இருப்பவர் தயங்குகிறார், தகுதி உள்ளவரே தவறான வாசலில் இறங்குகிறார். மான்செஸ்டரும் பிறகு எல்லா நோயாளிகளையும் சேர்க்கும் முறைக்கு மாறியது.

குவிப்பதென்றால் திருப்பி அனுப்பும் விதியையும் அன்றே எழுது. எல்லாரும் மறக்கும் பிரிவு இது. ஆபத்து தாண்டியவரை 48 மணி அல்லது 72 மணி நேரத்தில் அவருடைய ஊர் மருத்துவமனை மறுபேச்சில்லாமல் ஏற்க வேண்டும், திரும்பும் வண்டிச் செலவு யாருடையது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மையம் இரண்டே வாரத்தில் நிரம்பி, புதியவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கும்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வக முடிவுகளை ஒன்று சேர்த்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று வட்டாரத்துக்கு ஒரே அட்டவணை போடும் உன் யோசனை பிரமாதம். ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 மாதிரிகள் இல்லாமல் சதவீதம் போடக்கூடாது என்பது ஆய்வக நெறி, சிறிய மருத்துவமனை தனியாக அந்த எண்ணிக்கையை எட்டாது. ஒரு நோயாளியிடமிருந்து, ஒரு கிருமிக்கு, முதல் மாதிரியை மட்டும் எண்ணு. நீண்ட நாள் படுத்திருப்பவரிடம் மீண்டும் மீண்டும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடுப்பார்கள், அவற்றையெல்லாம் சேர்த்தால் கிருமிகளின் மருந்து எதிர்ப்புத்திறன் ஊதிப்போய்த் தெரியும்.

இங்கும் ஒரு சொல் பொறி வைத்திருக்கிறது. ஆய்வக அறிக்கையில் ஒவ்வொரு மருந்துக்கும் எஸ், ஐ, ஆர் என்று போடுவார்கள் அல்லவா? எஸ் என்றால் கிருமி மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. அமெரிக்க நெறியில் "ஐ" என்றால் இடைநிலை. ஐரோப்பிய நெறியில் 2019 முதல் அதன் பொருள், கூடுதல் அளவில் கொடுத்தால் மருந்து வேலை செய்யும் என்பது. ஒரு ஆய்வகம் முதலாவதையும் மற்றொன்று இரண்டாவதையும் பின்பற்றினால், உன் அட்டவணை ஆப்பிளையும் அவரைக்காயையும் கூட்டிய கணக்கு. எந்த நெறி, எந்த ஆண்டுப் பதிப்பு என்று ஒவ்வொரு ஆய்வகத்திடமும் எழுதி வாங்கு.

மருந்துப் பட்டியலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த மூன்று வகைப் பிரிப்பு போதும்: தாராளமாகப் பயன்படுத்துபவை, கண்காணிப்போடு கொடுப்பவை, கடைசி ஆயுதமாக வைப்பவை. உலக அளவில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டில் முதல் வகையின் பங்கை 2030-க்குள் குறைந்தது 70 சதவீதமாக்குவது என்று 2024-இல் ஐ.நா.வில் இலக்கு வைத்தார்கள். அதை உடனே உன் ஊர் இலக்காக்கிவிடாதே. புற்றுநோய்ப் பிரிவு இருக்கும் மருத்துவமனையின் எண் இயல்பாகவே வேறாக இருக்கும், மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தினால் அடுத்த காலாண்டில் அவர்கள் கணக்கே தர மாட்டார்கள்.

கூட்டக் குறிப்பு இரண்டு பக்கம், 48 மணி நேரத்துக்குள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் இருபது இடமாற்றத் தாள்களைக் கண்ணை மூடி உருவச் சொல், நிரப்பாத கட்டங்களை எண்ணு. இருபதில் பத்துத் தாளில் ஒரே கட்டம் காலியாக இருந்தால் குறை ஊழியரிடம் இல்லை, கட்டத்தில்.

நாற்பது பக்கத்தைத் திருத்தித் தருகிறேன் என்று நினைக்காதே. ஆறு மருத்துவமனைகளும் இப்போது பயன்படுத்தும் படுக்கைக் கணக்குத் தாள்களையும் இடமாற்றப் படிவங்களையும் நகல் எடுத்து அனுப்பு. எந்தச் சொல் எங்கே வேறுபடுகிறது என்று சிவப்பு மையில் குறித்து, உன் கூட்டத்துக்கு முன்னால் திருப்பி அனுப்புகிறேன்.

உன் பழைய நண்பன்