எதில் 30 சதவீதம்?

அன்புள்ள குமரா,

நலம். அங்கே கலிஃபோர்னியாவில் நகராட்சியின் கொள்முதல் பிரிவுக்கு நீ மாறியதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அலுவலகக் காகிதக் கொள்கையை எழுதும் வேலை உன்னிடம் வந்தது இன்னும் நல்லது. மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் மக்கள் போடும் காகிதத்தை யாராவது திரும்ப விலை கொடுத்து வாங்கினால்தான் அந்தத் தொட்டிக்கே பொருள் உண்டு.

2016-இல் கலிஃபோர்னியா நிறைவேற்றிய எஸ்.பி. 1383 என்ற கழிவுக் குறைப்புச் சட்டத்தின் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. நகராட்சி வாங்கும் எழுதுதாளிலும் அச்சுத்தாளிலும், நார் எடையில் குறைந்தது 30 சதவீதம் ஒருவர் பயன்படுத்திக் கழித்த தாளிலிருந்து வந்திருக்க வேண்டும். முதல் வழுக்கல் இங்கேதான். 'மறுசுழற்சி உள்ளடக்கம் 30%' என்று மட்டும் எழுதிவிடாதே. அச்சகத்தில் வெட்டி விழும் ஓரத்துண்டுகளும் அந்தக் கணக்கில் நுழைந்துவிடும். அவற்றை ஆலைகள் எப்போதுமே வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 'பயனர் கழித்த நார்' என்பதை வரையறையோடு எழுது.

இன்னொன்று, கரும்புச் சக்கைத் தாள். நம்மூர்க் கரூரில் டி.என்.பி.எல். காகித ஆலை பல்லாண்டுகளாகச் செய்வது, மரம் காக்கும் நல்ல தாள். ஆனால் சக்கை யாரும் பயன்படுத்திக் கழித்த காகிதம் அல்ல. அதனால் இந்த 30 சதவீதத்தில் அது சேராது. விற்பனையாளர் 'பசுமைத் தாள்' என்று நீட்டினால் இதை நினைவில் வை.

பழைய டெண்டரை எடுத்து ஒளிர்வு அளவை, அதாவது தாள் எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற எண்ணைப் பார். 'குறைந்தது 96' என்று இருந்தால், 92 அளவில் வரும் மறுசுழற்சித் தாள்கள் வாசலிலேயே நின்றுவிடும். அன்றாடக் கடிதத்துக்கும் கூட்டக் குறிப்புக்கும் 92 தாராளம். விலையையும் 92-க்கு 92 என்று ஒப்பிடு. வேறு ரகத்தோடு ஒப்பிட்டுவிட்டு 'விலை அதிகம்' என்பது நியாயமல்ல.

தரம் சமமாகவும் விலை கூடாமலும் இருந்தால்தான் மறுசுழற்சித் தாளை வாங்குவது கட்டாயம் என்கிறது சட்டம். கூடுதல் விலை இருந்தாலும் முன்னுரிமை தரலாம். எவ்வளவு என்பதை உள்ளாட்சியே முடிவு செய்யலாம். அந்த வரியைத் தயங்காமல் சேர். 10 சதவீதம் என்று வைத்தால், முன்பு 100 தாள் செலவான இடத்தில் 90 செலவானாலே போதும், மொத்தச் செலவு 99-தான். இப்படித் தாள் செலவைக் குறைக்கச் சுற்றறிக்கை போதாது. அச்சுப்பொறிகளின் இயல்பு அமைப்பையே இருபக்க அச்சாக மாற்றச் சொல்லிக் கணினிப் பிரிவிடம் கேள். ஒருபக்கம் வேண்டியவர் தேர்ந்தெடுத்துக் கொள்ளட்டும்.

'மறுசுழற்சித் தாள் இயந்திரத்தில் சிக்குகிறது' என்ற புகார் வரும். 1990-களின் தொடக்கத்தில் வந்த சில மறுசுழற்சித் தாள்களின் தூசி இன்னும் பலர் மனத்தில் படிந்திருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். உறை பிரித்த ரீம் (500 தாள் கட்டு) நாள்கணக்கில் கிடந்தால் தாள் ஈரம் இழுத்துச் சுருளும். குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்த பெட்டியை ஒரு நாள் அறையில் வைத்துப் பிறகு பிரிக்க வேண்டும். உறையில் அம்புக்குறி இருந்தால், அது காட்டும் பக்கம் முதலில் அச்சாகும்படி அடுக்க வேண்டும். உருளைகள் தேய்ந்த இயந்திரத்தில் எந்தத் தாளும் சிக்கும். ஆகவே அதிகம் ஓடும் ஒரே இயந்திரத்தில் மறுசுழற்சித் தாளையும் சாதாரணத் தாளையும் பத்துப் பத்துப் பெட்டி ஓட்டி, சிக்கல் எண்ணிக்கையை இயந்திரத்தின் பதிவிலிருந்தே எடு. பெட்டிக்குப் பத்து ரீம், இருபது பெட்டிக்கு மொத்தம் ஒரு லட்சம் தாள். அதன் பிறகு வாதமே இருக்காது.

கொள்கை உண்மையில் ஓட்டையாவது வேறிடத்தில். மன்றம் தீர்மானம் போடும். ஒவ்வொரு துறையும் கடன் அட்டையில் கண்ணில் பட்ட தாளை வாங்கும். ஒப்பந்தக்காரரின் இணையப் பட்டியலில் சாதாரண வெள்ளைத் தாளையே நகராட்சிக் கணக்குக்கு மறைத்துவிடச் சொல். வேண்டியவர் காரணம் எழுதி அனுமதி பெறட்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு மாற்றம் பத்துப் பக்கக் கொள்கையைவிட அதிகம் சாதிக்கும். அட்டையில் வாங்கும் தாளும் கொள்கைக்குள் வரும் என்று தனியாக எழுது.

ரசீதுகளையும், சதவீதத்தைக் குறிப்பிடும் விற்பனையாளரின் எழுத்துச் சான்றையும் ஒரே கோப்பில் வை. சதவீதம் உறையிலோ ரசீதிலோ தெளிவாக இருந்தால் சான்றிலிருந்து விலக்கு தரலாம். ஆனால் 'மறுசுழற்சிச் சின்னம் இருந்தது' என்பது ஆதாரமாகாது. பல நேரம் அது 'மறுசுழற்சி செய்யலாம்' என்பதை மட்டுமே சொல்கிறது.

வரைவு தயாரானதும் வரையறைப் பகுதியையும் டெண்டர் விவரக்குறிப்பையும் முதலில் அனுப்பு. வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்